60 அனுப்பினால் 6.0 ஆவது ஏன்? சீரியல் வழியே செட்பாயின்ட் மாற்றுவது பற்றி

கேள்வி: வெப்பநிலை கன்ட்ரோலர் ஒன்றை ஆர்எஸ்-485 என்ற சீரியல் இணைப்பு வழியாகக் கணினியுடன் இணைத்திருக்கிறேன்; இரண்டும் பேசிக்கொள்ளும் முறை மோட்பஸ் ஆர்டியு. செட்பாயின்ட் (கன்ட்ரோலர் எட்ட வேண்டிய வெப்பநிலை) 60 டிகிரி என்று அனுப்பினால் பதில் சரியாக வருகிறது, ஆனால் முகப்பில் 6.0 என்று காட்டுகிறது. கரன்ட் போய் வந்தால் பழைய மதிப்புக்கே திரும்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் சிக்கல் சின்னதுதான். ஒரு ரெஜிஸ்டரில் (கன்ட்ரோலருக்குள் ஒரு மதிப்பை வைக்கும் எண்ணிட்ட இடம்) போவது 16 பிட் முழு எண்; அதில் தசமப் புள்ளி கிடையாது. உங்கள் கன்ட்ரோலர் ஒரு தசம இடம் வைத்துக்கொள்கிறது. ஆகவே 60.0 வேண்டுமானால் 600 என்று எழுதுங்கள். ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 02 58. மைனஸ் 5.0 என்றால், மைனஸ் குறியை அப்படியே அனுப்ப முடியாது என்பதால், 65536-இலிருந்து 50 கழித்து 65486. முகப்பில் யாராவது தசம அமைப்பை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறக்கூடும் என்பதால், அந்த அமைப்புக்கு ரெஜிஸ்டர் இருந்தால் புரோகிராம் தொடங்கும்போதே அதைப் படித்துக்கொள்வது நல்லது.

கரன்ட் போனால் மதிப்பு மறைகிறதென்றால், நீங்கள் எழுதுவது ராமில் (கரன்ட் போனால் அழிந்துவிடும் நினைவகம்) மட்டும் உட்காருகிறது. பல கன்ட்ரோலர்களில் நிரந்தரமாகச் சேமிக்கத் தனிக் கட்டளையோ வேறு ரெஜிஸ்டரோ இருக்கும், மேனுவலில் தேடுங்கள். ஆனால் கிடைத்ததும் எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடாதீர்கள். அப்படி நிரந்தரமாகச் சேமிக்கும் ஈஈப்ராம் நினைவகம் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்புடன் வருகிறது. ஒரு லட்சம் முறை என்பது வழக்கமாகக் குறிப்பிடப்படும் அளவு. நொடிக்கொரு முறை செட்பாயின்ட் அனுப்பும் புரோகிராம் ஒரே நாளில் 86,400 முறை எழுதிவிடும். மறுநாளே வரம்பு தாண்டிவிடும்! படிப்படியாகச் சூடேற்றும் வேலைக்கு ராமே சரி. மதிப்பு மாறாதபோது எழுதவே வேண்டாம்.

'பதில் சரியாக வருகிறது' என்கிறீர்கள். முகப்பு மாறியிருப்பதால் உங்கள் விஷயத்தில் அது உண்மைதான். ஆனாலும் அந்தப் பதிலை மட்டும் நம்பிப் புரோகிராம் எழுதக் கூடாது என்பது என் கருத்து. ஒற்றை ரெஜிஸ்டரில் எழுதும் 06 கட்டளைக்கு, அனுப்பிய அதே பைட்டுகள்தான் பதிலாகத் திரும்பும். இரண்டு ஒயர் ஆர்எஸ்-485 அடாப்டர்கள் சில, நாம் அனுப்புவதை நமக்கே எதிரொலிக்கும். இரண்டையும் பார்த்துப் பிரிக்கவே முடியாது. கன்ட்ரோலர் பக்கம் ஒயரைக் கழற்றிவிட்டு அனுப்பிப் பாருங்கள். அப்போதும் 'பதில்' வந்தால் அது எதிரொலிதான். எப்படியானாலும் எழுதிய பின் 03 கட்டளையால் அதே ரெஜிஸ்டரைப் படித்து ஒப்பிடுங்கள். மேனுவலில் 40001 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கட்டளையில் 0 ஆகத்தான் போகும். ஒன்று தள்ளி எழுதினால் அலாரம் மதிப்பையோ வேறெதையோ மாற்றிவிடுவீர்கள்.

பதிலில் 06-க்குப் பதிலாக ஹெக்ஸ் 86 வந்தால் கன்ட்ரோலர் மறுத்திருக்கிறது. அடுத்த பைட் 02 என்றால் ரெஜிஸ்டர் முகவரி தவறு. 03 என்றால் மதிப்பை ஏற்கவில்லை, பெரும்பாலும் செட்பாயின்டின் மேல் வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். அந்த வரம்பை முகப்பிலேயே உங்கள் கருவி தாங்கும் அளவுக்கு வைத்துவிடுங்கள். 600-க்குப் பதில் 6000 போனாலும் கன்ட்ரோலரே தடுத்துவிடும். கேபிள் அறுந்தால் கடைசி செட்பாயின்டிலேயே அது ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், ஹீட்டருக்குக் கணினியைச் சாராத தனி ஓவர்-டெம்ப் கட்-அவுட் (சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) ஒன்றும் அவசியம்.