சாம்பலை இழுத்த கல்: டூர்மலின் பற்றிச் சில கேள்விகள்

நவரத்தினங்களைப் பற்றி எழுதி முடித்த பிறகு, அந்த ஒன்பதில் சேராத ஒரு கல்லைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். டூர்மலின். கையில் கட்டும் கறுப்பு மணியாக, மோதிரத்தில் பச்சையாக, கழுத்தில் ரோஜா நிறமாக இப்போது ஊரெங்கும் அது கிடைக்கிறது. கல் பரிசோதனை மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கல்லும் அதுதான். அதனால், அதன் பெயரில் சொல்லப்படுகிறவற்றில் எது உண்மை, எது ஒட்டவைத்தது என்று பிரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இங்கே பழைய ஆட்கள் ‘தோரமல்லி’ என்கிறார்கள், கடையில் ‘டூர்மலின்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? (கண்டி வாசகர்)

ஒன்றுதான். சொல்லப்போனால் உலகம் முழுக்க வழங்கும் பெயரே உங்கள் ஊர் கொடுத்ததுதான். சிங்களத்தில் ‘தோரமல்லி’ என்பது முதலில் இந்த ஒரு கனிமத்துக்கு மட்டும் உரிய பெயராக இருக்கவில்லை. கார்னீலியன் என்ற செந்நிறக் கல் போன்ற வேறு கற்களையும் அப்படி அழைத்திருக்கிறார்கள். இரத்தினபுரிப் பக்கம் ‘இல்லம்’ என்று சொல்லும் சரளைப் படிவிலிருந்து நீலமும் புஷ்பராகமும் வரும்போது கூடவே இந்த நிறக்கற்களும் வரும். 1700களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் அவற்றை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனார்கள். பெயரும் கூடவே கப்பலேறியது.

அங்கே நடந்ததுதான் இந்தக் கல்லின் கதையில் எனக்குப் பிடித்த இடம். சூடான சாம்பல் அருகே கல்லை வைத்தால், துகள்கள் பறந்துவந்து அதில் ஒட்டின. கொஞ்ச நேரத்தில் அதே சாம்பலைக் கல் உதறித் தள்ளியது. டச்சுக்காரர்கள் அதற்கு ‘சாம்பல் இழுப்பான்’ என்று பெயர் வைத்து, புகையிலை பிடிக்கும் குழாயிலிருந்து சாம்பலை எடுக்கப் பயன்படுத்தினார்கள். தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ், 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் இதை ‘மின்சாரக் கல்’ என்றே குறிப்பிட்டார். 1756இல் ஏபினுஸ் என்ற அறிஞர், கல்லைச் சூடாக்கும்போது ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் சேர்வதைச் சோதித்துக் காட்டினார். 1759இல் பெஞ்சமின் பிராங்க்ளினும் இதே கல்லை வைத்துப் பரிசோதனை செய்து கடிதம் எழுதியிருக்கிறார். 1880இல் கியூரி சகோதரர்கள், அதாவது மேரி கியூரியின் கணவர் பியரும் அவர் அண்ணன் ழாக்கும், படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்று கண்டபோது அவர்கள் எடுத்துக்கொண்ட கற்களில் டூர்மலினும் ஒன்று.

நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் விளக்குச் சூட்டில் இருக்கும் கற்களில் டூர்மலின் மட்டும் சீக்கிரம் தூசி படிந்து கிடக்கும். அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

எனக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது. டூர்மலின் மாலை அணிந்தால் கரையும், இது பழங்கால வைத்தியம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? (கரூர் வாசகர்)

கரையாது. ஆனால் ‘பழங்கால வைத்தியம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது.

கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், கற்களைப் பற்றி எழுதிய நூலில் ‘லிங்கூரியோன்’ என்ற ஒன்றைச் சொல்கிறார். வைக்கோல் துரும்பையும் மரச் சிராயையும் அது இழுக்குமாம். லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் மூத்திரம் இறுகித்தான் அந்தக் கல் உண்டாகிறது, அந்த விலங்கு அதை மண்ணைத் தள்ளி மூடிவிடும் என்பது அக்கால நம்பிக்கை. மூத்திரத்திலிருந்து பிறந்த கல் மூத்திரப்பைக் கல்லைக் கரைக்கும் என்று யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அதைக் குடித்தால் கல் உடையும், ஒயினில் கலந்து விழுங்கினால் மஞ்சள்காமாலை போகும் என்று சொல்லிவந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் டூர்மலினின் இழுக்கும் குணம் தெரிந்ததும், அந்தப் பழைய கல் இதுதானோ என்று சிலர் எண்ணினார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை அம்பர், அதாவது மரப்பிசின் இறுகிய பொருள் என்றே கருதுகிறார்கள். துணியில் தேய்த்த அம்பரும் துரும்பை இழுக்கும்.

சுமார் 1,950 ஆண்டுகளுக்கு முன்பே, ரோமானிய அறிஞர் பிளினி இந்த வைத்தியத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, கல்லின் பிறப்புக் கதையும் பொய், மூத்திரக் கல்லுக்கும் காமாலைக்கும் அது மருந்து என்பதும் பொய் என்று எழுதிவைத்துவிட்டார். உங்களிடம் சொல்லப்பட்டது பழங்காலச் செய்திதான். அது தவறு என்று எழுதப்பட்டதும் பழங்காலத்தில்தான்.

இதைச் சொல்லும்போது ஓர் அம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன், பச்சை டூர்மலின் பதித்த பதக்கத்தோடு என் மேசைக்கு வந்தார். “இது அசலா என்று பாருங்கள் தம்பி, எட்டு மாதமாகப் போட்டிருக்கிறேன், விலாப்பக்க வலி குறையவே இல்லை” என்றார். யாரோ சொல்லி வாங்கியிருக்கிறார். பார்த்தேன், நல்ல கல், அசல் கல். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. கல் அசல் என்றால் குணமும் வரும் என்று நினைத்துவிட்டார். “கல் அசல்தான் அம்மா, ஆனால் வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாளைக்கே ஸ்கேன் எடுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் வீணாகப் போனதே என்ற ஆதங்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய சிறுநீரகக் கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். மாலை போட்டிருந்த நாளில் வெளியேறினால் மாலைக்குப் பேர் கிடைக்கும். வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பூமியின் நடுவிலிருந்து வானவில் வழியாக ஏறி வந்ததால் இந்தக் கல்லுக்கு எல்லா நிறமும் உண்டு என்று எகிப்தியர்கள் நம்பினார்களாமே? (சிங்கப்பூர் வாசகி)

அழகான கதை. சொல்பவர்களில் ஒருவரும் மூல ஏட்டைக் காட்டியதில்லை. குழந்தைகளுக்குச் சொல்லுங்கள், வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கறுப்பு டூர்மலின் வளையல் செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும், எதிர்மின் அயனிகளை வெளியிடும் என்கிறார்கள். மின்சாரக் கல் என்றால் அதில் உண்மை இருக்கத்தானே வேண்டும்? (சென்னை வாசகர்)

நியாயமான கேள்வி. பாதி உண்மையை எடுத்துக்கொண்டுதான் இந்த வியாபாரம் நடக்கிறது.

டூர்மலினில் மின்னூட்டம் எப்போது தோன்றும்? வெப்பநிலை மாறும்போது, அல்லது கல்லை அழுத்தும்போது. மாற்றம் நின்றதும், சுற்றியுள்ள காற்றிலிருந்து எதிர் வகை மின்னூட்டத்தைப் பிடித்துக்கொண்டு கல் சமநிலைக்கு வந்துவிடும். உங்கள் மணிக்கட்டின் சூடு நாள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அங்கே இருக்கும் கல் சும்மாதான் இருக்கும். பேட்டரி மாதிரி ஓயாமல் எதையும் வெளியிட அதற்குள் சக்தி சேமிப்பு கிடையாது. செல்போன் அலையும் மணிக்கட்டில் கட்டிய நாலு மணிகளுக்காக நின்றுவிடாது. அலையை உண்மையிலேயே தடுத்தால் உங்களுக்குச் சிக்னலே கிடைக்காது.

கல்லால் ஆபத்தில்லை. ‘அயனி’, ‘குவாண்டம்’ என்று அச்சடித்து வரும் பதக்கங்களும் அட்டைகளும் வேறு விஷயம். எதிர்மின் அயனி, அதாவது எதிர் மின்னூட்டம் கொண்ட நுண்துகள், எவ்வளவு என்று காட்டும் அளவியில் முள் ஏறிக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அவற்றில் பலவற்றில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மோனசைட் கனிமத் தூளைச் சேர்க்கிறார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் அதே மோனசைட்தான். அயனி உண்டாவது நிஜம், அதை உண்டாக்குவது கதிரியக்கம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, ‘5ஜி’யிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட 10 பொருள்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டு, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அவற்றில் குழந்தைகளுக்கான வளையலும் தூக்கத்துக்கான கண் மறைப்பும் இருந்தன. கதிர்வீச்சுக்குப் பயந்து கதிர்வீச்சையே குழந்தையின் கையில் கட்டியிருக்கிறார்கள். இதை வாசிக்கிற தாய்மார்கள் தயவுசெய்து இப்படிப்பட்ட பதக்கம் எதையும் குழந்தைக்குப் போடாதீர்கள்.

மரகதம் வாங்க வசதியில்லை. புதனுக்குப் பச்சை டூர்மலின் போடலாம் என்று ஜோதிடர் சொல்கிறார். சரியா? மரகதம் என்று சொல்லி இதைத் தலையில் கட்டிவிட மாட்டார்களா? (ஈரோடு வாசகி)

ஜோதிடப் பலனைச் சொல்வது என் வேலையில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். சிலப்பதிகாரத்து மதுரை இரத்தினக் கடைத்தெருவில் வரும் ஒன்பது மணிகளில் இந்தக் கல் கிடையாது. நவரத்தின மரபில் தனி இடமில்லாததால்தான் ‘உபரத்தினம்’ என்று பின்னால் சேர்த்திருக்கிறார்கள்.

ஏமாற்றைக் கண்டுபிடிக்க முடியும். பச்சை டூர்மலினை 10 மடங்கு பெரிதாக்கும் லூப் வழியாக மேலிருந்து பார்த்தால், அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். ஒளியை அது இரண்டாகப் பிரிக்கும் அளவு அதிகம். மரகதத்தில் அப்படித் தெரியாது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் தெளிந்த பச்சையும் இன்னொரு பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பும் தெரிவதும் டூர்மலினின் அடையாளம். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் பார்த்தால் சந்தேகமே இருக்காது. மரகதம் 1.57, 1.58 பக்கம் நிற்கும், டூர்மலின் 1.62இலிருந்து 1.64 வரை போகும். சோதனைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

அழகுக்காகப் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள். பெரும்பாலான மரகதங்களில் இருக்கும் வெடிப்பும் எண்ணெய்ப் பூச்சும் பச்சை டூர்மலினில் அந்த அளவுக்கு இருப்பதில்லை.

ஒரே கல்லில் உள்ளே சிவப்பும் வெளியே பச்சையும் எப்படி வருகிறது? சாயமா? (திருச்சி வாசகர்)

பெரும்பாலும் இயற்கைதான். தர்பூசணி டூர்மலின் என்பார்கள். பாறைப் பிளவில் படிகம் வளர்ந்துகொண்டிருக்கும்போது சுற்றியுள்ள கரைசலில் உள்ள தனிமங்கள் மாறும். மாங்கனீசு சேர்ந்தபோது ரோஜா நிறம், பிறகு இரும்பு சேர்ந்தபோது பச்சை. மரத்தின் வளையம் போலக் கல் தன் வளர்ச்சியைப் பதிந்துவைத்திருக்கிறது. குறுக்கே சீவினால் வளைந்த பக்கங்கள் கொண்ட முக்கோணமாகத் தெரியும்.

செம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 1980களின் கடைசியில்தான் உலகுக்குத் தெரிந்தது. பிரேசிலின் பராய்பா மாநிலத்தில் எய்டர் டிமாஸ் பார்போசா என்பவர் ஒரு குன்றை ஆண்டுக்கணக்கில் விடாமல் தோண்டினார். கிடைத்தது உள்ளிருந்து விளக்கெரிவது போன்ற நீலப்பச்சைக் கல். பிற்பாடு நைஜீரியாவிலும் மொசாம்பிக்கிலும் செம்பு கலந்த டூர்மலின் கிடைத்தது. பராய்பா என்று சொல்லி மலிவாக யாராவது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரோஜா நிற டூர்மலின் இதயத்துக்கு நல்லது, சீனப் பேரரசியே அதற்காகத்தான் அணிந்தார் என்கிறார்களே? (கோவை வாசகி)

பேரரசி சிக்ஸிக்கு இந்த நிறத்தின் மேல் கொள்ளை ஆசை இருந்தது உண்மை. அமெரிக்காவில் சான் டியாகோ பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து டன் கணக்கில் ரோஜாக் கல் சீனாவுக்குப் போனது. மூக்குப்பொடிக் குப்பி, பொத்தான், சிறு சிலை என்று செதுக்கினார்கள். 1911 புரட்சியில் அரசகுலம் சரிந்ததும் அந்தச் சந்தையும் படுத்துவிட்டது. இதெல்லாம் ஆசையும் அலங்காரமும் சேர்ந்த கதை.

இன்னொன்று. சிவப்பு டூர்மலின் வெகுகாலம் மாணிக்கம் என்றே நம்பப்பட்டது. 1777இல் ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ், ரஷ்யப் பேரரசி கேதரினுக்கு 260 காரட்டுக்கு மேல் எடையுள்ள, பழக்கொத்து போலச் செதுக்கிய சிவப்புக் கல்லைப் பரிசளித்தார். எல்லோரும் மாணிக்கம் என்றே எண்ணினார்கள், பிறகுதான் அது சிவப்பு டூர்மலின் என்று தெரிந்தது. மாணிக்கத்துக்குச் சொல்லப்பட்ட இரத்த விருத்தி, இதய பலம் போன்றவை இதற்கும் வந்து சேர்ந்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மார்பு வலித்தால் ஈசிஜி எடுங்கள்.

இரவில் கல்லைத் தண்ணீரில் போட்டுக் காலையில் குடிக்கலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். கல் கரையாது என்பதால் பயனில்லை. விரிசலை மறைக்கப் பிசின் ஏற்றிய கல்லாகவோ, டூர்மலின் என்ற பெயரில் விற்ற சாயக் கண்ணாடியாகவோ இருந்தால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக்கூடாது.

டூர்மலின் நகையை எப்படிச் சுத்தம் செய்வது? (யாழ்ப்பாண வாசகி)

கைபொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய மிருதுவான பல் துலக்கும் பிரஷ். அவ்வளவு போதும். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வாடிக்கையாளரின் ரோஜாக் கல் மோதிரத்தை, ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது உள்ளே இருந்த மெல்லிய விரிசல் குறுக்கே ஓடியிருந்தது. அது அவர் தாயார் கொடுத்த மோதிரம். வேறு கல் வாங்கிப் பதித்துக் கொடுத்தேன், ஆனாலும் அது அவர் தாயாரின் கல் ஆகுமா? அன்றிலிருந்து டூர்மலினை அந்த இயந்திரத்திலோ நீராவியிலோ காட்டியதில்லை. நகைக்கடையில் சுத்தம் செய்யக் கொடுக்கும்போது “இது டூர்மலின், கையால் கழுவுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கழுவியதும் வெயிலில் வைக்காமல் பருத்தித் துணியில் ஒற்றியெடுத்து, மற்ற நகையோடு உரசாமல் தனிப் பையில் வையுங்கள்.