பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு உயர்தரச் சொற்களை எப்படிக் கற்பது?

உங்கள் மகன் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு. ‘அட்வான்ஸ்டு வொகாபுலரி’ போதாததால்தான் மதிப்பெண் குறைகிறது என்று டியூஷனில் சொன்னார்களாம், நல்ல பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். பட்டியல் தேடுவதை முதலில் நிறுத்துங்கள்.

என் அக்கா மகளிடம் அப்படி ஒரு ஜெராக்ஸ் கட்டு இருந்தது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அர்த்தம், அவ்வளவுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் குடிநீர்ப் பற்றாக்குறை பற்றி எழுதிய கடிதத்தில் ‘எ ப்ளெத்தோரா ஆஃப் வாட்டர் ஸ்கார்சிட்டி’ என்று எழுதியிருந்தாள். ‘ப்ளெத்தோரா’ என்றால் மிதமிஞ்சி இருப்பது; பற்றாக்குறையோடு அது சேரவே சேராது. எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் அல்ல. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று அந்தப் பிள்ளைக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

கட்டை எடுத்து வைத்துவிட்டு, தெரிந்த சொற்களிலிருந்தே ஆரம்பித்தோம். ‘ஷார்டேஜ்’ என்றால் முன்னால் ‘அக்யூட்’ அல்லது ‘சிவியர்’ வரும். ‘ப்ராப்ளம்’ என்றால் ‘ஃபேஸ்’, ‘டேக்கிள்’, ‘அட்ரெஸ்’. செய்தித்தாளில் உள்ளூர்ச் செய்தி ஒன்றைப் படித்து, இப்படிச் சேர்ந்து வருபவற்றை அடிக்கோடிடுவாள். அப்புறம் தாளை மூடிவிட்டு, அதே விஷயத்தை ஆணையருக்குப் புகார்க் கடிதமாக எழுதுவாள். வரைபடம் பார்த்து எழுதும் பத்திக்கும் இதே வழிதான்: ‘ரோஸ் ஸ்டெடிலி’, ‘டிக்ளைன்ட் ஷார்ப்லி’, ‘அக்கவுன்ட்ஸ் ஃபார்’. தேர்வில் கடிதமும் பத்தியும் 100 முதல் 120 சொற்கள்தான். அதற்குள் இடம் பொருந்திய நாலைந்து சேர்க்கைகள் இருந்தாலே எழுத்து நிமிர்ந்துவிடும். அவள் எழுத்தும் நிமிர்ந்தது. சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

‘அப்படியானால் பெரிய சொற்களே கூடாதா’ என்று யாராவது சண்டைக்கு வரலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. பட்டியல்தான் வேண்டும் என்றால் மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலை (‘அகடமிக் வேர்ட் லிஸ்ட்’) பாருங்கள். 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். எல்லாம் பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் உண்மையிலேயே புழங்குபவை. ஆனால் அதுகூட, 1953-ல் ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் மைக்கேல் வெஸ்ட் தொகுத்த ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களுக்கு அடுத்த படியாகத்தான் அமைக்கப்பட்டது. அடிப்படைச் சொற்கள் கைவசமாகாமல் மேலே ஏறினால் வாக்கியம் தள்ளாடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்துப் படித்து ஆசிரியரானேன். ஆனாலும் தனியார் பள்ளி நேர்காணல் ஒன்றில், வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லாமலே, எந்த மீடியம் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். என்னோடு வந்திருந்தவர் பேச்சில் அலங்காரச் சொற்கள் நிறைய. அவரை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் என்றால் பகட்டு என்று நினைக்கும் இந்தப் புத்திதான் ஜெராக்ஸ் கட்டாகிப் பிள்ளைகள் கைக்கும் வருகிறது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். தமிழ் அர்த்தம் மட்டும் போட்ட கையடக்க அகராதி போதாது. ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசம், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உண்டு. புதுச் சொல் ஒன்றைப் பார்த்தால் அந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டு, கீழேயே தன் தெருவையோ பள்ளியையோ பற்றி அதே சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதட்டும். அந்த நோட்டை அவனுடைய பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் வாராவாரம் காட்டச் சொல்லுங்கள்.