வெளிநாட்டு பையரோடு தகராறு: டெல்டா ஏற்றுமதிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நான் மயிலாடுதுறைக்காரி. சென்னையில் வக்கீல், கையில் இருக்கும் கேஸ்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு வியாபாரத் தகராறுகள்தான். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் சொன்னதால் ஊரும் தொழிலும் மட்டும். உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் சொல்கிறேன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

மன்னார்குடி, அரிசி ஆலை: அக்கா, துபாய் பையருக்குப் புழுங்கல் அரிசி அனுப்பப் போறோம். தகராறு வந்தா தஞ்சாவூர் கோர்ட்தான்னு அக்ரிமென்ட்ல போட்டுட்டா நமக்குப் பாதுகாப்புதானே?

தம்பி, அந்த பையருக்குத் தஞ்சாவூரில் என்ன இருக்கிறது? வீடா, குடோனா, பேங்க் கணக்கா? ஒன்றும் இல்லையென்றால் இங்கே ஜெயித்து என்ன செய்யப் போகிறீர்கள்? அவருடைய சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் பணம் வரும், அதனால் அந்த ஊரில் செல்லுபடியாகும் காகிதம் எது என்று பார்த்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் 1999இல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அதன்படி நம் கோர்ட் தீர்ப்பை அங்கே கொண்டுபோகலாம். ஆனால் இங்கே அப்பீலெல்லாம் முடிந்து தீர்ப்பு இறுதியாவதற்குள் உங்கள் பையர் கடையை மூடிவிட்டு வேறு பெயரில் போர்டு மாட்டியிருப்பார்.

ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் வைத்துத் தீர்ப்பது என்றால் 1958ஆம் வருட நியூயார்க் உடன்படிக்கை துணைக்கு வரும். 170க்கு மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, அமீரகம் 2006இல் சேர்ந்தது. நடுவர் தீர்ப்பை அங்கே நிறைவேற்ற மறுப்பதற்கு விரல்விட்டு எண்ணக்கூடிய காரணங்கள்தான் உண்டு, வழக்கை முதலிலிருந்து மறுபடி விசாரிக்க முடியாது.

ஒப்பந்தத்தில் அந்த ஆர்பிட்ரேஷன் கிளாஸை (பிரிவை) எழுதும்போதுதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். எந்த அமைப்பின் விதிகள், எத்தனை நடுவர், எந்த மொழி, ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம், எல்லாவற்றையும்விட முக்கியமாக எந்த ஊர் ‘சீட்’ என்பது தெளிவாக இருக்க வேண்டும். சீட் என்றால் உட்கார்ந்து பேசும் இடம் இல்லை, எந்த ஊர் கோர்ட் அந்த விசாரணையை மேற்பார்வை பார்க்கும் என்பது. நம் உச்ச நீதிமன்றம் 2012இல் பால்கோ வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘துபாய் அல்லது சென்னை’ என்று எழுதிய ஒப்பந்தங்கள் என் மேசைக்கு வருகின்றன, எந்த ஊர் என்று சண்டை போடுவதிலேயே பணமும் காலமும் போய்விடும். இன்னொன்று, பழைய ஒப்பந்தத்தைக் காப்பி அடிப்பவர்கள் அதில் டிஐஎஃப்சி-எல்சிஐஏ என்ற நடுவர் அமைப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அமைப்பை 2021லேயே கலைத்து துபாயின் டயாக் நடுவர் மையத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

நாச்சியார்கோயில், விளக்கு வியாபாரம்: மேடம், நம்ம ஆர்டரெல்லாம் ஆறேழு லட்சம்தான். அதுக்கு சிங்கப்பூர் போயி நடுவர் வச்சு வழக்காடவா?

வேண்டவே வேண்டாம். ஆறு லட்சத்துக்கு வழக்குச் செலவே ஆறு லட்சம் வந்து நிற்கும். சிங்கப்பூரின் எஸ்ஐஏசி நடுவர் மையம் 2025 ஜனவரி முதல் 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட வழக்குகளுக்கு ஒரே நடுவர், 3 மாதத்தில் தீர்ப்பு என்று சுருக்கமான முறை ஒன்று கொண்டுவந்திருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் தொகைக்கு அதுவும் பெரிது. நீங்கள் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். சரக்கு தயாரானதும் வீடியோ, எடை, பேக்கிங் எல்லாம் காட்டி மீதியையும் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், விமானத்தில் அனுப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேங்க் மூலமாக டாகுமென்ட் அனுப்பியிருக்கிறோம், பணம் கட்டினால்தான் சரக்கு என்று நிம்மதியாக இருப்பீர்கள். கப்பலுக்கு ‘டு ஆர்டர்’ என்று போட்ட பில் ஆஃப் லேடிங்குக்கு (கப்பல் சரக்கு ரசீதுக்கு) அது சரி, அந்தக் காகிதம் கையில் இருப்பவருக்குத்தான் சரக்கு. விமானச் சரக்குக்குத் தரும் ஏர்வே பில் அப்படிப்பட்ட காகிதமே இல்லை. அதில் கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் அடையாளத்தைக் காட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம், பேங்கில் உங்கள் டாகுமென்ட் தூங்கிக்கொண்டிருக்கும். பையர் பெயரைப் போடாமல், அந்த ஊர் பேங்கின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கி அதன் பெயரில் கன்சைன் பண்ணுங்கள்.

திருவாரூர், அரிசி: கன்டெய்னர் துபாய் ஜெபல் அலி துறைமுகம் போயி சேர்ந்தப்புறம் ‘நொய் அதிகம், ஈரப்பதம் அதிகம், 15 சதவீதம் குறைச்சுக்கோ’ங்கறான். உண்மையில அங்க மார்க்கெட் விலை இறங்கிடுச்சு. என்ன பண்றது?

அடிக்கடி வரும் கேள்வி இது. பையர் நேர்மையானவராக இருந்தாலும் விலை இறங்கினால் திடீரென்று நொய் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

முதல் வேலை, வாட்ஸ்அப்பில் ‘சாரி சார், பாத்து பண்ணிக்கலாம்’ என்று போடாதீர்கள். மரியாதைக்குச் சொல்கிறோம் என்று நினைத்துப் போடும் அந்த ஒரு வரியைத்தான் நாளைக்கு நீங்கள் தப்பை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக நீட்டுவார்கள். மெயிலில், குறையை ஏற்கவில்லை, ஆய்வு அறிக்கையை அனுப்புங்கள் என்று மட்டும் எழுதுங்கள். விலை பேசத்தான் போகிறீர்கள் என்றால் அதைத் தனி மெயிலில், ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தலைப்பிலேயே போட்டுப் பேசுங்கள், ஆங்கிலத்தில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’.

இரண்டாவது, உங்களிடம் என்ன இருக்கிறது? லோடிங் நேரத்தில் மூன்றாம் தரப்பு சர்வேயர் (சரக்கை ஆய்வு செய்பவர்) மூட்டைகளிலிருந்து சாம்பிள் எடுத்து சீல் வைத்தாரா? ஒரு பாக்கெட் உங்களுக்கு, ஒன்று பையருக்கு, ஒன்று சர்வேயரிடமே. அவரிடம் இருப்பதுதான் பிறகு பேசும். ‘லோடிங்கில் எடுத்த தரச் சான்றே இறுதி’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது. அந்த வரி இல்லையென்றால் உடனே அங்கே ஒரு சர்வேயரைப் பிடித்து, பையர் ஆளும் கூட இருக்க, கன்டெய்னர் சீலை உடைக்கும்போதே சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் செலவுக்குக் கஞ்சத்தனம் பார்த்துவிட்டு ஒரு கன்டெய்னரையே இழந்தவர்கள் உண்டு.

லண்டன் காஃப்டா ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் சுறுசுறுப்பு வேண்டும். 1878இல் தொடங்கிய தானிய வியாபாரிகள் சங்கம் அது. அதன் ஆர்பிட்ரேஷன் விதிகளில் தரம் பற்றிய புகார்களுக்குக் கெடு மிகக் குறைவு, மாதக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில்.

பேசிக்கொண்டிருக்கும்போது துறைமுகத்தில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓடிக்கொண்டே இருக்கும். பையர் இழுத்தடிப்பதே அதற்காகத்தான். ஒரு தேதி கொடுங்கள், அதற்குள் எடுக்கவில்லையென்றால் வேறு ஆளுக்கு விற்றுவிட்டு வித்தியாசத்தை உங்களிடம் கேட்பேன் என்று நோட்டீஸ் விடுங்கள், சொன்னபடி விற்கவும் செய்யுங்கள். நஷ்டத்தைக் குறைக்க முயற்சி செய்தீர்களா என்று நம் ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவு கேட்கும், வெளிநாட்டு நடுவரும் கேட்பார். விற்பதற்கு முன் டைட்டில் காகிதம் (சரக்கு யாருடையது என்று காட்டும் காகிதம்) உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இதெல்லாம் சும்மா பேச்சு.

பட்டுக்கோட்டை, அரிசியும் தேங்காயும்: கவர்மென்ட் ஏற்றுமதியைத் தடை பண்ணினா, புயல் அடிச்சா, நம்ம மேல பழி வருமா?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பதில். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினார்கள், அது தடை. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி போட்டார்கள், அது தடை இல்லை, செலவு. ‘முடியாது’ என்பதும் ‘கட்டுப்படியாகாது’ என்பதும் வேறு வேறு, விலை ஏறியதால் கட்டுப்படியாகவில்லை என்பதை நம் கோர்ட்டுகள் ஏற்பதே இல்லை. ஆகவே புதிய வரி வந்தால் யார் கட்டுவது என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

நம் நாட்டுக் கூட்டுறவு அமைப்பான நாஃபெட்டுக்கும் அலிமென்டா என்ற வெளிநாட்டு கம்பெனிக்கும் நடந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1980ஆம் வருட நிலக்கடலை ஒப்பந்தம், அரசாங்கம் அனுமதி கொடுக்காததால் சரக்கு போகவில்லை, லண்டனில் நாஃபெட்டுக்கு எதிராக நடுவர் தீர்ப்பு. தடை வந்தால் ஒப்பந்தம் ரத்து என்று ஒரு பிரிவு இருந்ததைக் காட்டி, அந்தத் தீர்ப்பை இங்கே நிறைவேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. நாற்பது வருடம்! அந்தத் தீர்ப்பைக் குறை சொல்லும் வக்கீல்கள் நிறைய, எனக்கும் முழு சம்மதமில்லை. அதை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள், உங்களுக்கு வெளிநாட்டில் சொத்து இருந்தால் அங்கே வந்து பிடிப்பார்கள்.

புயலுக்கும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா உங்கள் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்தது ஊருக்கே தெரியும். ஆனால் ‘இந்தியத் தேங்காய்’ என்று ஒப்பந்தம் எழுதியிருந்தால் பொள்ளாச்சியில் வாங்கி அனுப்பு என்பான் பையர். எந்த ஊர்த் தோப்பு என்று எழுதுங்கள். புயல் அடித்தால் உடனே நோட்டீஸ், படங்களோடு.

திருபுவனம், பட்டு: அமெரிக்க கோர்ட்லேர்ந்து கூரியர்ல சம்மன் வந்திருக்கு. கண்டுக்காம விட்டுடலாமா அக்கா?

கிழித்துப் போடாதீர்கள். நாடு விட்டு நாடு சம்மன் அனுப்புவது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் சேரும்போது நேரடித் தபால் வழியைத் தான் ஏற்கவில்லை என்று இந்தியா சொல்லியிருக்கிறது, ஆக அந்த சம்மன் முறையாகச் சேர்ந்ததா என்று வாதாட இடம் உண்டு. அமெரிக்கத் தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்றவும் முடியாது, அதை வைத்து அவர்கள் இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, 2020லிருந்து அமீரகம், இந்த நாட்டுத் தீர்ப்புகள் அப்படியில்லை, சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி நேராக மாவட்ட கோர்ட்டுக்கே வந்துவிடும். வந்தது ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் என்றால் கதையே வேறு. அது மெயிலில் வந்தாலும் செல்லும், நீங்கள் போகாவிட்டால் நடுவரை நியமித்து உங்கள் தரப்பு இல்லாமலே முடித்துவிடுவார்கள். எந்த ரகம் என்று இன்றே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

சுவாமிமலை, ஐம்பொன் சிலை: லண்டன் பையர் இது பழைய கோயில் சிலையான்னு சந்தேகப்பட்டு பணத்தை நிறுத்திட்டார். புதுசுதான், போன வருஷம் வார்த்தது.

சந்தேகப்படுவதற்கு அங்கே காரணம் இருக்கிறது. பத்தூர் நடராஜர் வழக்கு லண்டனில்தான் நடந்தது. 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து லண்டன் போன சிலை, நல்லெண்ணத்தோடு வாங்கியதாகச் சொன்ன கனடா கம்பெனி தோற்றது. கோயிலே அங்கு வழக்காடலாம் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, நடராஜர் ஊர் திரும்பினார். நீங்கள் தொல்லியல் துறையிடம் வாங்கிய ‘தொன்மைப் பொருள் அல்ல’ என்ற சான்றையும், மெழுகு வடிவம் பிடித்ததிலிருந்து வார்த்தது வரை எடுத்த படங்களையும் அனுப்புங்கள் அண்ணே. படம் எடுக்கவில்லையென்றால் அடுத்த சிலையிலிருந்து தேதியோடு எடுங்கள்.

நாகப்பட்டினம், இறால்: இசிஜிசி இன்சூரன்ஸ் இருக்கு. பையர் தரம் சரியில்லைன்னு பணம் தரல. க்ளைம் வருமா?

இசிஜிசி என்பது ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடு தரும் அரசு இன்சூரன்ஸ் கம்பெனி. பையர் திவாலானாலோ காரணமில்லாமல் ஏமாற்றினாலோ வரும். தரத் தகராறு என்று அவர் கிளப்பிவிட்டால், அவர் நாட்டில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வா என்பார்கள். இது பையர்களுக்கும் தெரியும். மேலே திருவாரூர்க்காரருக்குச் சொன்ன சாம்பிள் விஷயம் உங்களுக்கும்தான். டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) மண்டல அலுவலகத்தில் தரப் புகார், வர்த்தகத் தகராறுகளுக்கு ஒரு குழு இருக்கிறது, அங்கேயும் எழுதிப்போடுங்கள். பணத்தை வாங்கித்தரும் அதிகாரம் அதற்கு இல்லை, ஆனால் தூதரகம் வழியாக ஒரு கடிதம் போனால் சில பையர்கள் வழிக்கு வருகிறார்கள்.

கும்பகோணம்: சிங்கப்பூர்ல இருக்கற மாமா சமரசம் பேசி வைக்கிறேங்கறார். விடலாமா?

தாராளமாக. பேசி முடித்ததைத் தவணை, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக்குங்கள். சமரசத்தில் முடித்த ஒப்பந்தங்களை மற்ற நாடுகளில் நிறைவேற்ற வழிசெய்யும் சிங்கப்பூர் சமரச உடன்படிக்கையில் இந்தியா 2019லேயே கையெழுத்துப் போட்டும் இன்னும் உறுதிப்படுத்தவில்லை, அதனால் அந்தக் காகிதத்திலேயே ஒரு ஆர்பிட்ரேஷன் கிளாஸும் இருக்கட்டும்.

பேராவூரணி, கயிறு: ரெண்டரை வருஷமா பாக்கி. ரம்ஜான் முடிஞ்சு தர்றேன், பெருநாள் முடிஞ்சு தர்றேன்னே ஓட்டுறார். கேஸ் போட்டா உறவு கெட்டுடுமேன்னு பாக்கறேன்.

இந்தியச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தமென்றால் 3 வருடம்தான் கெடு, இன்னும் ஆறு மாதம்கூட உங்களிடம் இல்லை. வழக்குப் போட வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. ‘இந்தத் தேதி வரை இவ்வளவு டாலர் பாக்கி, ஒப்புக்கொள்கிறேன்’ என்று அவர் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு ஒரு காகிதம் வாங்குங்கள், கணக்குத் தணிக்கைக்குத் தேவை என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கெடு முடிவதற்குள் வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும், முடிந்தபிறகு வாங்கினால் பிரயோஜனமில்லை. வாட்ஸ்அப் குரல் செய்தியெல்லாம் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், கேட்டேன், அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள், ஆனால் காகிதத்தை இந்த வாரமே கேளுங்கள்.