விசுவாசிக்கு மாத்திரை எதற்கு?

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

நான் பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஈசிஜியில் குறை ஒன்றுமில்லை. மனநல மருத்துவர் பதற்றநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வீட்டு ஜெபக்கூட்டத்திலோ, "ஒன்றுக்குங் கவலைப்படாமல் என்று வசனம் இருக்கிறதே, விசுவாசிக்கு மாத்திரை எதற்கு?" என்கிறார்கள். உபவாசமிருந்தும் போகவில்லை. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள சகோதரி,

நிறுத்தாதீர்கள். இந்த மருந்துகளில் பலவற்றைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, முன்னைவிட மோசமான படபடப்பு எல்லாம் வரலாம். குறைப்பதையும் விடுவதையும் மருத்துவரோடு பேசியே செய்யுங்கள். உபவாசத்தையும் அவரிடம் கேளுங்கள். வெறும் வயிறே நடுக்கத்தைக் கூட்டக்கூடும்.

அந்த வசனம் பிலிப்பியர் 4:6. பவுல் காவலில் இருந்தபடி எழுதியது. அதே பவுல்தான், "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்று கொரிந்தியருக்கு எழுதினார் (2 கொரிந்தியர் 11:28). நாள்தோறும்! அவரை விசுவாசமில்லாதவர் என்று எந்த ஜெபக்கூட்டம் சொல்லும்? பிலிப்பியர் வசனத்தைக் கடைசிவரை வாசியுங்கள். உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று முடிகிறது. கலங்கி வருகிறவரை அருகே அழைக்கிற வசனம் அது. அதை ஒரு நோயாளியின் மேல் குற்றப்பத்திரிகையாக வாசிப்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் (1 இராஜாக்கள் 19), "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டுப் படுத்தார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்று மறுபடியும் தூங்கினார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசியது அதற்குப் பிறகு. உடம்பைக் கவனிப்பது அவிசுவாசம் என்றால் இந்த அதிகாரத்தை என்ன செய்வது?

வேலூர் சிஎம்சி மிஷன் மருத்துவமனைதான். அதன் மனநல மையம் பாகாயத்தில் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறுவது அங்கே நெடுநாளைய வழக்கம். கெத்செமனேயில் இயேசு தம் சீஷரிடம் கேட்டதும் அதுதான்: "என்னோடேகூட விழித்திருங்கள்." உங்கள் கூட்டத்தில் அப்படிக் கூட இருக்கக்கூடிய ஒருவரிடம் மட்டும் மனம் திறந்து பேசுங்கள். மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக் களைத்துப்போக வேண்டாம்.

படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். அந்த மூச்சோடு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சொல்லலாம். நீளமான ஜெபம் வரவில்லையே என்று வருந்தாதீர்கள். இரவில் தாங்கமுடியாமல் போனால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.