சில வருடங்களே ஆடிவிட்டு மூடப்பட்ட பெண்கள் கூடைப்பந்து அணி எதையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? ஏன் மூடினார்கள்?

பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருந்த போர்ட்லேண்ட் ஃபயர். அங்கே பெண்கள் கூடைப்பந்தின் பெரிய லீக்கான, கோடையில் நடக்கிற டபிள்யூ.என்.பி.ஏ-வில் 2000-ல் சேர்ந்தது, 2002 பருவம் முடிந்ததும் மூடிவிட்டார்கள். மூன்றே பருவம். இந்த மாதிரி கேள்விக்கு "பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள், கூட்டம் இல்லை, மூடிவிட்டார்கள்" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஃபயர் விஷயத்தில் அது பொருந்தாது. ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டாயிரம் பேர் வந்தார்கள், அந்தக் காலத்தில் அது மோசமான கூட்டமே இல்லை. அணி யார் கையில் இருந்தது, அரங்கம் யார் கையில் இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு ஹில்ஸ்பரோவில் சிப் கம்பெனி வேலை, எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத டிபெண்டன்ட் விசா, பள்ளிக்கூடத்தில் பேஸ்கட்பால் ஆடிய பழக்கம், கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிற ஊர். வேறு என்ன செய்வேன்? ஹில்ஸ்பரோவிலிருந்து மேக்ஸ் என்கிற நகர ரயில் ஒன்று உண்டு. மலைக்கு அடியில் சுரங்கத்தில் புகுந்து, ஊர் நடுவே தெருவோடு ஊர்ந்து, ஸ்டீல் பிரிட்ஜில் வில்லமெட் ஆற்றைத் தாண்டினால் அடுத்த நிறுத்தமே ரோஸ் குவார்ட்டர். இறங்கினால் அரங்க வாசல். காரே ஓட்டத் தெரியாத என்னைப் போன்றவளுக்கு இது பெரிய வசதி.

அந்த நிறுத்தத்தில் இறங்கினால் ஒன்றல்ல, இரண்டு அரங்கங்கள் அருகருகே நிற்கும். ஒன்று 1995-ல் திறந்த ரோஸ் கார்டன், கூடைப்பந்துக்கு ஏறக்குறைய இருபதாயிரம் இருக்கை, இப்போது அதன் பெயர் மோடா சென்டர், ஃபயர் ஆடியது இங்கேதான். இன்னொன்று 1960-ல் திறந்த மெமோரியல் கொலிசியம், சுமார் பன்னிரண்டாயிரம் இருக்கை. ஆண்கள் அணியான ட்ரெயில் பிளேஸர்ஸ் 1977-ல் சாம்பியன் ஆனது இந்தப் பழைய கொலிசியத்தில்தான், பீட்டில்ஸ் 1965-ல் வந்து பாடியதும் இங்கேதான்.

ஃபயருக்கு முன்னால் அந்த ஊரில் இன்னொரு பெண்கள் அணி இருந்து செத்துப்போனது, அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. பெயர் போர்ட்லேண்ட் பவர். 1996 அக்டோபரில் ஏ.பி.எல் என்று தனி லீக் ஒன்று எட்டு அணிகளோடு தொடங்கியது. ஆண்கள் லீக்கான என்.பி.ஏ-வின் துணை இல்லாமல், குளிர்காலத்திலேயே ஆடுவோம், சம்பளமும் ஒழுங்காகக் கொடுப்போம் என்று வந்தவர்கள். சராசரி வருடச் சம்பளம் 70,000 டாலர் அளவில், அப்போது டபிள்யூ.என்.பி.ஏ கொடுத்ததைவிட அதிகம். பவர் ஆடியது பழைய கொலிசியத்தில். பக்கத்து ஊரான லேக் ஆஸ்விகோவில் வளர்ந்து 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கேட்டி ஸ்டெடிங் அந்த அணியில் ஆடினார். லின் டன் பயிற்சியாளராக வந்த பிறகு 1997-98-ல் மேற்குப் பிரிவில் முதலிடம், நடாலி வில்லியம்ஸுக்கு அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆனால் லீக்குக்குப் பெரிய டிவி ஒப்பந்தமும் இல்லை, பெரிய விளம்பரதாரர்களும் இல்லை. 1998 டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், பருவத்தின் நடுவிலேயே லீக் மொத்தமாகக் கடையைச் சாத்தியது.

நான் போர்ட்லேண்ட் போனது இதற்கெல்லாம் அப்புறம். ஆனால் ஃபயர் ஆட்டங்களில் பவர் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பக்கத்து இருக்கையில் அடிக்கடி உட்காரும் ஒரு வயதான அம்மா, இரண்டு அணிகளுக்குமே சீசன் டிக்கெட் வாங்கியவர். அவருக்கு ரோஸ் கார்டன் சுத்தமாகப் பிடிக்காது. "கொலிசியத்தில் எங்கள் சத்தம் ஆட்டக்காரர்களுக்குக் கேட்கும், இங்கே கூரைக்குப் போய்விடுகிறது" என்பார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ரோஸ் கார்டன் கூரையில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருப்பி வைக்கிற பலகைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள், அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். ஆனால் இருபதாயிரம் பேருக்குக் கட்டியதில் எட்டாயிரம் பேர் உட்கார்ந்தால் எந்தப் பலகை என்ன செய்யும்? டிவியில் பார்க்கிறவனுக்கு மேல் அடுக்கின் காலி இருக்கைதான் முதலில் கண்ணில் படும். அதே எட்டாயிரம் பேரைப் பக்கத்துக் கொலிசியத்தில் உட்கார வைத்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருக்கும்.

கொலிசியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த கட்டடம். வெளியே பார்த்தால் பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே கான்கிரீட்டில் ஒரு கிண்ணம், அதில்தான் இருக்கைகள். கிண்ணம் கண்ணாடிச் சுவரைத் தொடவே தொடாது, கூரையைத் தாங்குவது நான்கே நான்கு தூண்கள். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு கறுப்புத் திரை ஓடும். அதை விலக்கினால் மேல் வரிசையில் உட்கார்ந்தபடியே வெளியே ஊரைப் பார்க்கலாம், ஆடுகளத்தில் வெயில் விழும். ஜூலை மாலையில் ஆடுகிற ஒரு லீக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? 2009-ல் இதை இடித்துவிட்டு பேஸ்பால் மைதானம் கட்டலாம் என்று பேச்சு வந்து, கட்டடக் கலைஞர்களும் ஊர்க்காரர்களும் சண்டை போட்டு நிறுத்தினார்கள், அதே வருடம் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

சரி, ஃபயர். முதல் வருடம் 10 வெற்றி 22 தோல்வி. பயிற்சியாளர் லிண்டா ஹார்க்ரோவ். சில்வியா கிராலி என்று ஒருவர் ஆடினார், ஏ.பி.எல் காலத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு டங்க் (எம்பிப் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணிப்பது) அடித்துப் பரிசு வாங்கியவர். எனக்குப் பிடித்தவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டல்லி பெவிலாகுவா. உயரம் குறைவு, புள்ளியும் பெரிதாக எடுக்க மாட்டார், ஆனால் எதிரணி பந்தைக் கொண்டுவருகிறவளின் மூக்குக்கு நேரே நின்று, கோட்டுக்குக் கோடு விடாமல் கூடவே ஓடி, அவள் மூச்சு விடுகிற நேரத்தில் பந்தைத் தட்டிவிடுவார். பந்து தப்பித்தால் தலைகுப்புற விழுந்து பிடிப்பார். இதெல்லாம் புள்ளிவிவரத்தில் வராது, நேரில் பார்த்தால்தான் தெரியும்.

2001-ல் ஜாக்கி ஸ்டைல்ஸ் வந்தார், அணிக்கு உயிர் வந்தது. கான்சஸ் மாநிலத்தில் க்ளாஃப்லின் என்ற சின்ன ஊர்க்காரர். தென்மேற்கு மிசௌரி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி 3,393 புள்ளிகள் எடுத்து, என்.சி.ஏ.ஏ என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் தரப் பெண்கள் கூடைப்பந்தில் அதுவரை யாரும் தொடாத எண்ணைத் தொட்டவர். அணிகள் வரிசையாகப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் நான்காவதாகப் போர்ட்லேண்ட் எடுத்தது. ஐந்தடி எட்டங்குல உயரம்தான். ஓடிவந்து சட்டென்று நின்று எம்பிப் போடுகிற ஷாட், தடுக்க வருகிறவள் இன்னும் பின்வாங்கிக்கொண்டிருப்பாள், பந்து அதற்குள் கையைவிட்டுப் போயிருக்கும். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் விருது அவருக்குத்தான். ஆட்டம் முடிந்ததும் சின்னப் பெண்கள் தடுப்புக் கம்பி மேல் தொங்கிக்கொண்டு கையெழுத்துக்குக் கத்துவார்கள், அவரும் பாவம், நின்று போட்டுக் கொடுப்பார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. தோள், மணிக்கட்டு, கணுக்கால் என்று பத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், 2002-ல் பல ஆட்டங்களில் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். ஃபயர் மூடிய பிறகு டபிள்யூ.என்.பி.ஏ-வில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

2002-ல் அணி நன்றாகவே தேறியது. 16 வெற்றி, 16 தோல்வி. மேற்குப் பிரிவில் நான்காவது இடம் பிடித்தால் கோப்பைக்கான கடைசிச் சுற்றான பிளேஆஃப். 17 வெற்றியோடு அந்த இடத்தைப் பிடித்தது யார் தெரியுமா? பக்கத்து ஊர் சியாட்டில் ஸ்டார்ம், பின்னாளில் பெரிய நட்சத்திரமான சூ பேர்ட் அங்கே புதிதாக வந்த வருடம். ஒரே ஒரு வெற்றியில் போச்சு. மூடப்பட்ட டபிள்யூ.என்.பி.ஏ அணிகளில் ஒருமுறைகூட பிளேஆஃப் போகாத ஒரே அணி என்ற பெயர் ஃபயருக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இப்போது காசு விஷயம். டபிள்யூ.என்.பி.ஏ தொடங்கியபோது ஏற்பாடு என்னவென்றால், என்.பி.ஏ அணி இருக்கிற ஊரில்தான் பெண்கள் அணி இருக்கும், அணி லீக்குக்குச் சொந்தம், அதை நடத்துவது மட்டும் அதே என்.பி.ஏ முதலாளி, கோடையில் சும்மா கிடக்கிற அதே அரங்கத்தில்தான் ஆடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்கள் அணியின் உயிர் இன்னொரு வியாபாரத்தின் லாப நஷ்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. போர்ட்லேண்டில் பிளேஸர்ஸும் ரோஸ் கார்டனும் மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலனுடையவை. 2002 அக்டோபரில் விதியை மாற்றினார்கள்: இனி லீக் உங்களுக்காக அணியை வைத்திருக்காது, என்.பி.ஏ முதலாளிகளே, ஒன்று உங்கள் ஊர்ப் பெண்கள் அணியைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு யாரிடமாவது போகட்டும். ஆலன் வேண்டாம் என்றார். முன்னாள் பிளேஸர்ஸ் நட்சத்திரம் க்ளைட் ட்ரெக்ஸ்லர் முன்னின்று ஒரு குழு வாங்கப் பார்த்தது, கைகூடவில்லை. மயாமி சோல் அணியும் ஃபயரோடு சேர்ந்தே போனது.

ஆலனிடம் காசா இல்லை என்று அப்போது எல்லோரும் திட்டினோம். அவரிடம் இருந்தது, ஆனால் அரங்கத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. 2004-ல் அவருடைய அரங்க நிறுவனம் திவால் மனு கொடுத்து, ரோஸ் கார்டன் கடன்காரர்கள் கைக்குப் போய், 2007-ல்தான் திரும்ப வாங்கினார். அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஃபயர் மூலையில் ஒரு சின்ன நஷ்ட வரி, அவ்வளவுதான். வெட்டுவதற்கு எது சுலபம் என்று பார்த்தார்கள், வெட்டினார்கள்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். அதே 2002 விதிமாற்றத்தில் ஓர்லாண்டோ அணியை மொஹீகன் பழங்குடி வாங்கிக்கொண்டு போய், கனெக்டிகட்டில் தங்கள் சூதாட்ட விடுதியோடு சேர்ந்த ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருக்கை அரங்கத்தில் ஆடவைத்தது. அணியும் அரங்கமும் ஒரே கையில், அரங்கமும் அளவானது, வருடக்கணக்கில் ஓடியது. சியாட்டிலில் 2008-ல் ஆண்கள் அணி ஓக்லஹோமாவுக்கு மூட்டை கட்டியபோது, உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து ஸ்டார்மைத் தனியாக வாங்கி ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள், அதன்பிறகு மூன்று கோப்பை. நம்ம பெவிலாகுவா 2004-ல் கோப்பை வாங்கியதும் ஸ்டார்மோடுதான், அது வயிற்றெரிச்சல் தனி. எதிர்ப்பக்கம் ஹூஸ்டன் காமெட்ஸ்: லீக்கின் முதல் நான்கு கோப்பைகளையும் வென்ற அணி, கடைசியாக 2008-ல் ஒரு சின்ன அரங்கத்துக்கு மாறி, வாங்க ஆள் கிடைக்காமல் அந்த டிசம்பரிலேயே காலி. கோப்பையும் காப்பாற்றாது, சின்ன அரங்கம் மட்டுமே இருந்தாலும் காப்பாற்றாது. இந்த அணிதான் என் தொழில் என்று நினைக்கிற ஒரு முதலாளி வேண்டும்.

ஃபயர் மறுபடி உயிர் பெற்றதையும் சொல்லிவிடுகிறேன். 2023-லேயே போர்ட்லேண்டுக்கு அணி கிடைக்கிற மாதிரி இருந்து, மோடா சென்டரில் செய்யவிருந்த மராமத்து வேலைகளைக் காரணம் காட்டி லீக் தள்ளிப்போட்டது. மறுபடி அரங்கம்! 2024 செப்டம்பரில் பாத்தல் குடும்பத்துக்கு அணியைக் கொடுத்தார்கள், 2026 பருவத்திலிருந்து ஆட்டம். இந்திய வம்சாவளிக் குடும்பம், நீச்சலுடைத் தொழிலில் சம்பாதித்தவர்கள், ஊரின் பெண்கள் கால்பந்து அணியான தார்ன்ஸும் இவர்களுடையதுதான். 2025 ஜூலையில் பழைய பெயரையே வைப்பதாக அறிவித்தார்கள். வேறு ஏதாவது புதுப்பெயர் வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்திருக்கும்.

இந்த முறை முதலாளி வேறு, பிளேஸர்ஸ் முதலாளி வேறு. அது நல்லது. ஆனால் ஆட்டம் அதே பெரிய அரங்கத்தில்தான், வாடகைக்கு, அதை நிர்வகிப்பது பிளேஸர்ஸ் தரப்பு. டபிள்யூ.என்.பி.ஏ-வுக்கு இப்போது கூட்டம் எங்கேயோ போய்விட்டது, அதனால் இருபதாயிரம் இருக்கை பயமில்லை என்பது அவர்கள் கணக்காக இருக்கும். நானாக இருந்தால் வருடத்துக்கு இரண்டு ஆட்டமாவது பக்கத்துக் கொலிசியத்தில் திரையை விலக்கிவிட்டு வைப்பேன்.