டிக்கெட் முழுசு, சறுக்கு பாதி

ஏப்ரல் பாதி தாண்டினாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் முகம் மாறிவிடும். மற்ற மாதங்களில் பட்டா, கேஸ் மானியம், வாடகை அட்வான்ஸ் என்று வரும். இந்த முறை வந்த கட்டில் பாதிக்கு மேல் வாட்டர் பார்க். அழகர் மலைக்குத் திரும்பியதும் "அடுத்து எங்கே?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள் போல. கடிதங்களில் இருந்த பூங்காக்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுப் பெயர் போடுவது முறையில்லை.

கேள்வி: அண்ணே, லீவு விட்ட முதல் சனிக்கிழமை பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் ரெண்டு பேர், பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற ஒரு வாட்டர் பார்க்குக்குப் போனோம். முதல் நாளே ஆன்லைனில் புக் பண்ணியது, மொத்தம் 5,400 ரூபாய். "எல்லா ரைடும் சேர்த்து" என்று போட்டிருந்தார்கள். உள்ளே போனால் பெரிய ஸ்லைடு மூன்றுக்கும் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். அலைக்குளம் மதியம் ஒரு தடவை, இருபது நிமிஷம். கேட்டால் மேனேஜர் டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார், "முன்னறிவிப்பின்றி எந்த ரைடும் நிறுத்தப்படலாம், பணம் திருப்பித் தரப்படாது". அந்த ஸ்லைடுகள் நாலு நாளாகவே ஓடவில்லை என்று டீக்கடையில் வேலை செய்கிற பையன் சொன்னான். வீட்டுக்காரர் விட்டுத் தள்ளு என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. கேஸ் போடலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: போடலாம் தங்கச்சி. ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஸ்லைடு மூடியிருந்தது குற்றமில்லை. மூடியிருப்பது தெரிந்தே முழு டிக்கெட் விற்றதுதான் குற்றம். உங்கள் கடிதத்தில் கயிறு, அலைக்குளம், மேனேஜரின் பேச்சு எல்லாவற்றையும் விடக் கனமானது அந்த டீக்கடைப் பையன் சொன்ன "நாலு நாளாக".

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்றால், ஸ்லைடை மூடுவதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அந்த ஃபைபர் குழாயில் நம்மை வழுக்க வைப்பது தண்ணீர்தான். மேலே தண்ணீர் ஏற்றும் பம்ப் மக்கர் பண்ணி வரத்து குறைந்தால் ஆள் பாதி வழியில் நின்றுவிடுவார், பின்னால் வருகிறவர் அவர் முதுகில் வந்து மோதுவார். குழாய்த் துண்டுகள் சேரும் இடத்தில் விளிம்பு தூக்கிக்கொண்டால் தோலைக் கிழித்துவிடும். கீழே தண்ணீரில் நின்று பார்க்க உயிர்காப்பாளர் இல்லையென்றாலும் ஓட்டக் கூடாது. அப்புறம் இடி. நம் ஊரில் கோடை மழை சாயங்காலம் மூன்று, நாலு மணிக்கு மேல்தான் கொட்டும், அதுவும் இடியோடு. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும்வரை யாரையும் தண்ணீரில் விடக் கூடாது என்பது எங்கும் கடைப்பிடிக்கிற நடைமுறை. நானே அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் இப்படி ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. கடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்த இடிக்குக் கீழே நாற்பது அடி உயர இரும்புப் படிக்கட்டில் பிள்ளைகளை நிறுத்தியிருந்தால் அந்தப் பூங்கா மேல்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுகிறார்கள். போலீஸ்காரரிடம் சண்டைக்கா போகிறோம்?

அதனால் உள்ளே இருக்கும்போது திடீரென்று நிறுத்தியது ஒரு கணக்கு, காலையில் கவுண்டர் திறக்கும்போதே ஓடாது என்று தெரிந்தது வேறு கணக்கு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது) பிரிவு 2(11)இல் சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று சொல்லும்போது, வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதையும் அதில் சேர்க்கிறது. உங்கள் கேஸ் இதுதான். "எல்லா ரைடும் சேர்த்து" என்று போட்டது தவறான விளம்பரம் என்றும் வாதாடலாம்.

டிக்கெட்டின் பின்பக்கத்து வரிக்குப் பயப்பட வேண்டாம். அச்சடித்துவிட்டதாலேயே அது சட்டத்துக்கு மேலே போய்விடாது. குறையுள்ள சேவையைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையே பிரிவு 2(47) முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகப் பட்டியல் போட்டிருக்கிறது. திடீர் நிறுத்தத்துக்கு அந்த வரி அவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். நாலு நாளாக ஓடாததற்குக் கைகொடுக்காது. முன்னறிவிப்பு கொடுக்க நாலு நாள் அவகாசம் இருந்ததே!

சரி, இனி செய்ய வேண்டியது. புக் பண்ணிய மெயில், பணம் போன பேங்க் மெசேஜ், "எல்லா ரைடும்" என்ற விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் (நாளைக்கே அதை மாற்றிவிடுவார்கள், இன்றைக்கே எடுங்கள்), கயிறு கட்டிய போட்டோ, எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேருங்கள். போனில் எடுத்த போட்டோவில் தேதியும் மணியும் பதிவாகியிருக்கும் என்பதால் எடுத்த போனிலேயே விட்டுவையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் போதாது. அதே வாரத்தில் அங்கே போய் வந்தவர்கள் யாராவது தெரிந்தவர்களில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், பையன் சொன்னதை அவர்கள் போட்டோ உறுதிப்படுத்தும். பிறகு பூங்காவுக்கு ஒரு பதிவுத் தபால், கூடவே மெயில்: எத்தனை ரைடு ஓடவில்லை, எவ்வளவு திருப்பிக் கேட்கிறீர்கள், 15 நாளில் பதில் வேண்டும். கோபத்தையெல்லாம் இதில் கொட்ட வேண்டாம், ஒரு பக்கம் போதும். இதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். பாதி விவகாரம் அங்கேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் 5,400 ரூபாய்க்காக வக்கீல் வைப்பதைவிட இரண்டாயிரத்தைக் கொடுத்து முடிப்பது அவர்களுக்கும் லாபம்.

அப்படியும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பூங்கா பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், பழைய சட்டத்தில்தான் அந்தத் தொல்லை. இப்போது நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அதாவது மதுரையிலேயே. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, வாய்தா அப்படிச் சொல்லாது, அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 5,400 முழுசாகக் கேட்காதீர்கள். சாயங்காலம் வரை உள்ளே இருந்திருக்கிறீர்கள், மற்ற ரைடுகளில் போயிருக்கிறீர்கள். ஓடாத மூன்று ஸ்லைடுதான் அந்த டிக்கெட்டின் பெரும்பங்கு மதிப்பு என்று காட்டி, பாதிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ கேளுங்கள், அலைச்சலுக்கும் செலவுக்கும் தனியாக ஒரு நியாயமான தொகை. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதிக் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். அதைப் பார்த்ததும் உங்கள் நல்ல கேஸ் பேராசைக் கேஸாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

கேள்வி: கவுண்டரில் என் பையனை அளந்து பார்த்து "உயரம் தாண்டிவிட்டான்" என்று பெரியவர் டிக்கெட் போட்டார்கள். உள்ளே பெரிய ஸ்லைடுக்கு ஏறினால் "உயரம் பத்தாது" என்று இறக்கிவிட்டார்கள். ஒரே பையன், ஒரே நாள், ரெண்டு உயரமா? – வாசகர், மேலூர்

பதில்: படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை. கவுண்டரில் இருக்கிற கோடு காசுக்காகப் போட்டது. வயதுச் சான்று யாரும் கொண்டுவர மாட்டார்கள், "அவனுக்கு இன்னும் அஞ்சு முடியலைங்க" என்று மீசை அரும்பிய பையனைக் காட்டுவார்கள், அதனால் உயரத்தை வைத்துக்கொண்டார்கள். ஸ்லைடு மேலே இருக்கிற கோடு உயிருக்காகப் போட்டது. உடம்பு சிறியதாக இருந்தால் குழாய் வளைவில் படுத்த நிலை மாறிப் புரண்டுவிடும், கீழே விழும் குளத்தில் கால் ஊன்ற முடியாது. எனவே மேலே நிற்கிற பையனிடம் "ஒரு தடவை விடுங்க தம்பி" என்று ஒருநாளும் கெஞ்சாதீர்கள்.

ஆனால் இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கிற பிள்ளைக்கு, பெரிய ஸ்லைடுகள் கிடையாது என்பதைச் சொல்லாமல் பெரியவர் காசு வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒவ்வொரு ரைடுக்கும் என்ன உயரம் என்ற பட்டியலைக் கவுண்டரிலேயே கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதி மாட்டியிருந்து நாம் படிக்காமல் போயிருந்தால் புகாருக்கு வலு கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: காட்டன் சுடிதாரோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லி நைலான் டிரஸ் வாங்க வைத்தார்கள். இது வியாபாரத் தந்திரம்தானே? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: பாதிதான் தந்திரம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், ஸ்லைடில் இழுத்துப் பிடிக்கும், அதன் நூல் பிசிறு ஃபில்டரில் போய் அடைக்கும். ஜிப்பும் உலோகப் பட்டனும் ஃபைபரைக் கீறும், அடுத்து வருகிறவர் தொடையைக் கிழிக்கும். துப்பட்டா எதிலாவது சிக்கினால் என்ன ஆகும் என்று எழுதவே வேண்டாம். விதி சரி. அந்த விதியை வெளியே பெரிதாக எழுதாமல், நீங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே வந்தபிறகு சொல்லி அங்கேயே கடையும் போட்டிருப்பதுதான் தந்திரம். போகிறதற்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள், பாதி விலைக்குப் பேசி வாங்கலாம்.

கேள்வி: கட்டுச்சோறு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள். கைக்குழந்தைக்குக் கொண்டுபோன பால் பாட்டிலுக்கே ஒரு சண்டை. உள்ளே 20 ரூபாய் தண்ணீர் 40 ரூபாய். – வாசகர், செல்லூர்

பதில்: வெளிச் சாப்பாடு கூடாது என்று ஒரு தனியார் இடம் விதி போடலாம். சினிமா தியேட்டர் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்பதும் இருக்கிறது. அது தியேட்டரைப் பற்றிய தீர்ப்பு, பூங்காவுக்கு வரிக்கு வரி பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இருந்தாலும் பால் பாட்டிலுக்கு மல்லுக்கட்டுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள், வேலை செய்யும். தண்ணீர் பாட்டிலில் என்ன விலை அச்சடித்திருந்தது என்று எழுதவில்லையே? 20 என்று அச்சடித்துக் கடையில் 40 வாங்கினால் எடையளவுச் சட்ட விதிப்படி தப்பு. ஒரே பாட்டிலுக்கு இரண்டு விதமான எம்ஆர்பி அச்சடிப்பதும் 2018 ஜனவரியிலிருந்து கூடாது. உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல் என்றால் கதை வேறு, அங்கே கூடுதலாக வாங்க உச்ச நீதிமன்றம் 2017இல் வழிவிட்டுவிட்டது. தொழிலாளர் துறையில் பாட்டில் பில்லோடு புகார் கொடுங்கள். பில் தரவில்லையா? அதுவும் ஒரு புகார்தான்.

கேள்வி: "விபத்து நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதி வைத்திருந்தால் நிஜமாகவே பொறுப்பில்லையா? – வாசகர், வாடிப்பட்டி

பதில்: ஓடக் கூடாத இடத்தில் ஓடி வழுக்கினால் உங்கள் பொறுப்பு. போல்ட் கழன்ற ஸ்லைடில் ஏற்றிவிட்டால் அவர்கள் பொறுப்பு. போர்டு இரண்டாவதைத் துடைக்காது.

கேள்வி: சார், நான் ஒரு வாட்டர் பார்க்கில் ஸ்லைடு மேலே நிற்கிறவன். மோட்டார் நின்றால் ஜனங்கள் எங்களைத்தான் திட்டுகிறார்கள், போன வாரம் ஒருத்தர் கையை ஓங்கிவிட்டார். காலையிலேயே ஆபீஸில் சொல்லிவிடுகிறோம், ஆபீஸ் கவுண்டருக்குச் சொல்வதில்லை. நாங்கள் என்ன செய்வது? – பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, இந்தக் கட்டிலேயே எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது. திருமங்கலத்து அம்மா முதல் கேள்வியில் எழுதியிருக்கிறார்கள், படித்தீர்களா? அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது அந்தக் கவுண்டர்தான். ஸ்லைடு ஓடாத அன்றைக்கு அங்கே ஒரு சிலேட்டில் "இன்றைக்கு இவை இல்லை" என்று எழுதி, டிக்கெட்டில் இருநூறு ரூபாய் குறைத்திருந்தால் பாதிப் பேர் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டு போவார்கள், உங்கள் மேல் யாரும் கை ஓங்க மாட்டார்கள். இதை முதலாளியிடம் நீங்கள் சொல்லிக் கேட்க மாட்டார் என்று தெரியும்.

உங்கள் கையில் இருக்கிறதைச் செய்யுங்கள். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி ஸ்லைடு அடியில் வையுங்கள். எந்த ரைடு, என்ன கோளாறு, ஆபீஸில் யாரிடம் சொன்னீர்கள் என்று அன்றன்றைக்கு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு ஏதாவது விபரீதம் நடந்து, பழியை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் அந்த நோட்டுதான் பேசும். தேதியோடு நிறுத்திவிடாதீர்கள். கவுண்டர் திறப்பதற்கு முன்னாலேயே சொன்னீர்களா, பின்னாலா என்பது தெரிகிற மாதிரி மணியையும் எழுதுங்கள்.