புயல் கடலோரத்துக்குத்தானே ஆபத்து? இலங்கையின் மலையகத்தில் சரிவை வெட்டி வீடு கட்டினால் என்ன?

மலையகத்தில் புயலை விட அது கொண்டுவரும் மழைக்குத்தான் பயப்பட வேண்டும். நீர் ஊறிய சரிவு மண் பாரம் கூடி, பிடி விட்டு இறங்கும். வீட்டுக்காகச் சரிவை நேராக வெட்டினால் மேல்மண்ணுக்கு இருந்த முட்டு போய்விடும். பழைய கானை, அதாவது மழைநீர் ஓடும் வடிகாலை, மூடினால் தண்ணீர் மண்ணுக்குள்தான் இறங்கும். பலர் கவனிக்காதது இதைத்தான்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் புதைந்தன. முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆனால் மாற்றுக் காணி இல்லாமல் தோட்டத்து ஆட்கள் எங்கே போவது?

சரி, கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எடுங்கள். அப்புறம், 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேறுங்கள். சுவரில் புது வெடிப்போ திடீரெனக் கலங்கும் ஊற்றோ தெரிந்தால் அந்த மழைக் கணக்கையும் பார்க்க வேண்டாம், உடனே வெளியேறுங்கள்.